கிராணிகள் காத்த சரித்திரம்

கொள்ளிடத்தின் வடகரையிலுள்ள திருமழபாடித் திருக்கோயிலில், முதலாம் இராசராச சோழனுடைய 28ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 1013ஆம் ஆண்டளவில், பழைய ஸ்ரீவிமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்டும்படி ஆணை பிறந்தபோது, அதன் சுவர்களில் முன்னோர் வெட்டுவித்திருந்த கல்வெட்டுக்களையெல்லாம் முதலிற் புத்தகத்தில் எழுதிக்கொண்டு, அதன் பின்னரே கற்களைப் பெயர்க்க வேண்டும் என்றும் கட்டளையாயிற்று. அவ்வண்ணமே எழுதப்பெற்ற பிரதி பல ஆண்டுகள் பத்திரமாக இருந்து, அவனுடைய மைந்தன் இராசேந்திரனுடைய 14ஆம் ஆட்சியாண்டில், 1026ஆம் ஆண்டளவில், புதிய சுவரின்மேல் மறுபடியும் வெட்டப்பட்டது. கல்லின்மேல் எழுத்து என்று உறுதிக்கு உவமை சொல்லிப் பழகிய நாம், அக்கல் இல்லாதிருந்த இடைக்காலம் முழுவதும் அதன் வாசகத்தைத் தாங்கி நின்றது பெயர் தெரியாத ஒருவர் கையால் எழுதிய நகலே என்பதைத் திருமழபாடியில் கண்கூடாகக் காண்கிறோம்.

சரித்திரம் ஆராய்வோர் மூலத்தைத் தெய்வமாகவும் நகலை அதன் நிழலாகவும் கருதுவது உலக வழக்கம். எனக்கு அந்த அபிப்பிராயம் உடன்பாடன்று. ஓலையின் ஆயுள் சில நூற்றாண்டுகளே. செல்லும் பூச்சியும் அதைக்கூட முழுதாக விட்டுவைப்பதில்லை. ஆயினும் சங்கத்துச் செய்யுட்கள் ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளைக் கடந்து நம் கைக்கு வந்திருக்கின்றன என்றால், தலைமுறைதோறும் யாரோ ஒருவர் பழைய ஏட்டை மடியில் வைத்துக்கொண்டு புதிய ஏட்டில் எழுத்தாணியை ஓட்டிக்கொண்டிருந்தார் என்பதே அதற்குக் காரணம். டாக்டர் உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றியபோது அவர் முன் கிடந்தவை பிரதிகளே. திருத்தக்கதேவர் தம் கையால் எழுதிய ஏட்டை அவரும் கண்டாரல்லர், வேறெவரும் கண்டாரல்லர். இலக்கியத்துக்கு இது பொருந்துமென்று தயக்கமின்றி ஒப்புக்கொள்ளும் நாம், ராஜாங்க தஸ்தாவேஜுகளுக்கும் இதுவே நியாயம் என்பதை ஏனோ எளிதில் ஒப்புவதில்லை.

சிங்கப்பூரின் பழைய சரித்திரத்தை ஆதாரத்தோடு அறிய விரும்புகிறவர்கள் முதலில் நாடவேண்டியது, நீரிணைக் குடியேற்றப் பதிவேடுகள் என்று நாம் அழைக்கத்தக்க பெருந்தொகுதியை. 1800 முதல் 1867 வரை, பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய மூன்று துறைகளையும் கிழக்கிந்தியக் கும்பினியாரும், 1858க்குப் பின் இந்திய அரசாங்கத்தாரும் ஆண்ட காலத்துக் கடிதங்களும் தினசரிக் குறிப்புகளும் ஆலோசனைச் சபை நடவடிக்கைகளும் அதில் அடங்கியுள்ளன. 1867 ஏப்ரல் 1ஆம் தேதி இக்குடியேற்றங்கள் கல்கத்தாவின் பொறுப்பிலிருந்து நீங்கி, லண்டனிலுள்ள குடியேற்ற நாட்டு அமைச்சகத்தின் நேரடி அதிகாரத்துக்கு உட்பட்டதோடு அத்தொகுதி முடிவு பெறுகிறது. ஆங்கில அரிச்சுவடியின் எழுத்துக்களே அதன் பிரிவுகளுக்கு வரிசைக் குறிகள். பினாங்குச் சபை நடவடிக்கைகள் முதலெழுத்தைப் பெற்றிருக்கின்றன. இவ்வளவையும் நிரப்பியது இறகுப் பேனாவும் மனிதக் கையுமே. அவற்றுள் மிகப் பெரும்பகுதி, கடிதம் எழுதியவரும் பெற்றவரும் தொட்ட காகிதமன்று. கிராணிகள் எனப்பட்ட அலுவலகத்து எழுத்தர்கள் பெயர்த்தெழுதிய நகல்.

கும்பினியாரின் முறையைச் சற்று விரிவாகச் சொன்னால்தான் இந்நகல்களின் அருமை விளங்கும். சிங்கப்பூரின் ரெஸிடெண்டாக 1819 முதல் 1823 வரை இருந்த வில்லியம் ஃபார்குவார் துரையோ, அவருக்குப் பின் 1826 வரை அப்பதவி வகித்த ஜான் கிராஃபர்டு துரையோ கல்கத்தாவுக்கு ஒரு விஷயத்தைத் தெரிவிக்க வேண்டுமானால், முதலில் அடித்தும் திருத்தியும் ஒரு கரடுப்பிரதி உண்டாகும், அதைக் கிராணி ஒருவர் அழகிய வட்ட எழுத்தில் செவ்வையாக எழுத, துரை கையெழுத்திடுவார், அது கப்பலேறும். கப்பலோ காற்றை நம்பியது. கடலில் மூழ்குவதும் பகைவர் கையிற் சிக்குவதும் அக்காலத்தில் அபூர்வமல்ல. ஆகையால் முக்கியமான கடிதத்துக்கு இரண்டாம் பிரதியொன்று எழுதி வேறொரு கப்பலில் அனுப்புவார்கள். இவற்றுக்கு மேலே, என்ன எழுதினோம் என்பது இங்கே தெரிந்திருக்க வேண்டுமல்லவா? அதற்காக அலுவலகத்துப் பெரும் புத்தகத்தில் அக்கடிதம் முழுமையாக ஏற்றப்படும். கல்கத்தாவில் இறங்கிய கடிதம் அங்குள்ள நடவடிக்கைப் புத்தகத்தில் மீண்டும் எழுதப்பட்டு, அந்நடவடிக்கைகளின் பிரதி லண்டனிலிருந்த டைரக்டர்களின் பார்வைக்கு மாதக்கணக்கான கடற்பயணத்தில் போய்ச் சேரும். ஒரே கடிதம் மூன்று துறைமுகங்களில், நான்கைந்து கைகளில், வெவ்வேறு மையில் உயிர் பெற்றது.

இந்த உழைப்பின் பயனை இன்று நாம் அனுபவிக்கிறோம். இங்கே செல்லரித்துப் போன பக்கத்துக்கு லண்டனிலுள்ள பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலகப் பதிவேடுகளில் துணை கிடைப்பதுண்டு. அங்கே இல்லாதது இங்கே இருப்பதுமுண்டு. வெயிலும் ஈரமும் ஓயாத இத்தீவில் காகிதத்தைக் காப்பது எளிதன்று. அக்காலத்து மையே காகிதத்துக்குச் சத்துருவாயிருந்தது. மாசிக்காய்ச் சாற்றில் அன்னபேதியைக் கலந்து செய்த அந்த மை, எழுதும்போது வெளிறியிருந்து, காற்றுப் பட்டதும் கறுத்து, நூறாண்டு கழிந்தபின் துருவின் நிறமடைந்து, தன் புளிப்பினாலேயே தாளை அரித்துவிடும். அழுத்தி எழுதிய எழுத்தின் வடிவிலேயே காகிதம் உதிர்ந்து, சொல் இருந்த இடத்தில் துவாரம் நிற்கும் பக்கங்களும் உண்டு.

இந்நகற் புத்தகங்களின் ஒரு பக்கத்தை நிதானமாகப் பார்ப்போம். இடப்புறத்தில் அகலமான ஓரம் விட்டிருக்கிறது. ஒவ்வொரு பாராவும் எதைப் பற்றியது என்பதை இரண்டொரு சொற்களில் அவ்வோரத்தில் குறித்திருக்கிறார் கிராணி. பக்கத்தின் அடியில், வலது மூலையில், அடுத்த பக்கத்தின் முதற்சொல்லைத் தனியே எழுதி வைத்திருக்கிறார். தாள்கள் இடம் மாறினாலும் தொடர்ச்சி கெடாதிருக்கச் செய்த ஏற்பாடு அது. வரி முடிவில் இடம் எஞ்சினால், பிறர் ஒரு சொல்லை இடைச்செருகாதபடி நீண்ட கோடிழுத்து நிரப்புகிறார். கடிதத்தின் முடிவில் துரையின் பெயர் இருக்கிறது. ஆயினும் அது துரையின் கையெழுத்தன்று, கடிதத்தை எழுதிய அதே கை அப்பெயரையும் எழுதியிருக்கிறது. அதற்குக் கீழே, இது உண்மையான நகல் என்று பொறுப்புள்ள அதிகாரி ஒருவர் சான்றளித்துத் தம் பெயரை இடுவார். 1819இல் சிங்கப்பூரில் வந்திறங்கிய ராஃபிள்ஸின் கடிதமென்று நாம் படிப்பவற்றுட் பல, ராஃபிள்ஸின் விரல் பட்டிராத தாள்களே. அதனால் அவற்றின் பிராமாணியம் குறைந்துவிடவில்லை. சொந்தக் கருத்து ஒன்றையும் கலவாமல் பிறர் சொல்லைச் சிதையாது கடத்திய அந்தக் கிராணியின் நேர்மையே அதற்குப் பிணை.

அந்தக் கிராணிகள் யார்? பெரும்பாலோருடைய பெயர் மறைந்துவிட்டது. ஆயினும் ஒருவர் தம் கதையைத் தாமே எழுதி வைத்திருக்கிறார். அவர் நமக்கு அந்நியருமல்லர். முன்ஷி அப்துல்லா என்று மலாய் உலகம் போற்றும் அப்துல்லா பின் அப்துல் காதிர் 1796இல் மலாக்காவில் பிறந்தவர். அவருடைய முன்னோராகிய அரேபியர் ஒருவர் ஏமன் தேசத்திலிருந்து நாகூருக்கு வந்து, அங்கே மணம் புரிந்து குடும்பம் நடத்தினார். அவர் வழியில் வந்த அப்துல்லாவின் பாட்டனார் மலாக்காவுக்குக் குடியேறிப் பெரியாச்சி என்ற பெண்மணியை மணந்தார். அந்தப் பெரியாச்சி, ஏறக்குறைய இருநூறு பிள்ளைகளுக்கு ஓதுவித்தும் எழுதுவித்தும் வந்த ஆசிரியை என்று பேரன் பெருமையோடு குறித்திருக்கிறார். மலாக்காவில் வியாபாரத்தின் நிமித்தம் வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ் கற்பது அந்நாளைய வழக்கமாகையால், அப்துல்லாவும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தமிழ் படித்துக் கணக்கும் கற்றார்.

1811இல் ஜாவாவின்மேல் படையெடுப்பதற்கு ஆயத்தம் செய்துகொண்டு ராஃபிள்ஸ் மலாக்காவில் தங்கியிருந்தபோது, அவரிடம் எழுத்து வேலைக்கு அமர்ந்தவர்களுள் பதின்பருவத்து அப்துல்லாவும் ஒருவர். ராஃபிள்ஸ் மலாய்ச் சுவடிகளைத் தேடித் திரட்டினார். விற்க இசைந்தவர்களிடம் விலைக்கு வாங்கினார். விற்க மனமில்லாதவர்களிடம் இரவலாகப் பெற்றுப் பிரதி செய்வித்தார். எழுத்தர்கள் ஓய்வொழிவின்றி எழுதிக்கொண்டிருந்த காட்சியை அப்துல்லா தம் சுயசரிதமாகிய ஹிக்காயத் அப்துல்லாவில் வருணிக்கிறார். அக்கூட்டத்தாருட் சிலருடைய பெயர்களில் சோழநாட்டுக் கடற்கரையின் மரைக்காயர் குடும்பங்களின் சாயல் தெரிகிறது. மலாய் நாட்டுச் சரித்திரச் சுவடிகள் ஐரோப்பாவுக்குப் போன வழியில் நம் கரையைச் சேர்ந்த கைகளும் உழைத்திருக்கின்றன என்பதை, தமிழர்கள் இன்னும் போதிய அளவு அறிந்துகொள்ளவில்லை என்றே எண்ணுகிறேன்.

அந்தச் செல்வத்துக்கு நேர்ந்த கதி மனத்தை வருத்துவது. 1824 பிப்ரவரி 2ஆம் தேதி ராஃபிள்ஸ் பென்கூலன் துறைமுகத்திலிருந்து ஃபேம் என்ற கப்பலில் தாயகத்துக்குப் புறப்பட்டார். அன்றிரவே கப்பலில் தீப்பற்றியது. உயிருக்குச் சேதமில்லை, ஆனால் அவர் ஆண்டுக்கணக்காகச் சேர்த்த சுவடிகளும் படங்களும் குறிப்புகளும் கடலின் நடுவே சாம்பலாயின. இச்செய்தி எட்டியபோது அப்துல்லா கொண்ட துயரம் அவருடைய நூலில் வெளிப்படையாக இருக்கிறது. மலாக்காவில் தலைமுறை தலைமுறையாக வீடுகளில் இருந்த ஏடுகளையெல்லாம் ஒருங்கே எடுத்துச் சென்று, ஒருங்கே இழந்தால், அவற்றை மீண்டும் எங்கே போய்த் தேடுவது? முன்னரே இங்கிலாந்துக்குப் போயிருந்த பிரதிகள் மாத்திரம் பிழைத்து, இப்போது லண்டன் ராயல் ஆசியக் கழகத்தில் இருக்கின்றன. சேஜாரா மெலாயு என்னும் மலாய் அரச வரலாற்றின் மிகப் புகழ் பெற்ற பிரதி அவற்றுள் ஒன்று; அதன் வாசகம் 1612ஐக் குறிப்பிட்டாலும், அது எழுதப்பட்டிருக்கும் காகிதம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. நகல் என்று அதனை ஒருவரும் ஒதுக்கவில்லை. 2001இல் யுனெஸ்கோ தன் உலக நினைவகப் பதிவேட்டில் ஏற்றிய சேஜாரா மெலாயுவுக்கு ஆய்வாளர்கள் இன்றும் முதலாவதாக நாடுவது அந்தப் பிரதியைத்தான்.

இதே நியாயத்தைப் புதுச்சேரியிலும் காணலாம். பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளே துரையின் துபாஷியாயிருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 செப்டம்பர் 6ஆம் தேதி தொடங்கி, 1761 ஜனவரியில் தம் மரணத்துக்குச் சற்று முன்பு வரை எழுதிவைத்த தினசரி, அவர் காலமானபின் வீட்டிலேயே உறங்கிக் கிடந்தது. 1846இல் கல்லுவா மொம்பிரோன் என்பவர் அதைக் கண்டெடுத்துப் பிரதி செய்தார். அரியேல் என்பார் செய்வித்த பிரதி பாரிஸ் தேசிய நூலகத்தை அடைந்தது. 1892இல் விவரமறிந்த சென்னை அரசாங்கத்தார் தங்களுக்கும் ஒரு நகல் தேடிக்கொண்டு, 1904 முதல் 1928 வரை 12 பாகங்களாக ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டார்கள். தமிழிலேயே எழுதப்பட்ட அந்நூல் தமிழில் அச்சாகத் தொடங்கியது 1948இல்தான். பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழரின் வீடும் கடைத்தெருவும் தர்பாரும் எப்படியிருந்தன என்பதற்கு இதற்கு இணையான சாட்சி வேறில்லை. அச்சாட்சி உலகத்தார் காதில் விழுந்ததற்கு, நூறாண்டு இடைவெளியில் யாரோ சிலர் பொறுமையுடன் அமர்ந்து நகலெடுத்ததே காரணம்.

சிங்கப்பூர்ப் பதிவேடுகளின் பிற்காலக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன்னர் அவை ராஃபிள்ஸ் அரும்பொருளகத்தையும் நூலகத்தையும் சார்ந்திருந்தன. ஜப்பானியர் ஆட்சியில் தனகடாதே என்ற ஜப்பானியப் பேராசிரியரும், தாவரவியல் பூங்காவைச் சேர்ந்த ஆங்கிலேயராகிய கார்னரும் ஒன்றுபட்டு அந்நிலையங்களைக் கொள்ளைக்கு இரையாகாமல் காத்தார்கள். பகைமை உச்சத்திலிருந்த காலத்தில் இரு தேசத்து அறிஞர்கள் இவ்வாறு கைகோத்தது எந்நாளும் நன்றியோடு நினைக்கத்தக்கது. 1968இல் தேசிய ஆவணக் காப்பகம் ஏற்பட்டது. 1997 முதல் அது கேனிங் ரைஸ் சாலையில், பழைய பள்ளிக்கூடக் கட்டடமொன்றில் இருந்து வருகிறது. தாள்கள் நுண்படச் சுருள்களில் ஏறின. பின்னர் இணையத்திலும் ஏறின.

இங்கே ஓர் இடையூறு தோன்றியது. அச்செழுத்தானால் கணினி தானே படித்துச் சொற்களைத் தேடித் தரும். கிராணியின் கையெழுத்தை அது சரிவரப் படிக்க அறியாதிருந்தது. ஆகவே 2015 மார்ச்சில் காப்பகத்தார் குடிமக்களையே துணைக்கழைத்தார்கள். விருப்பமுள்ள எவரும் தம் வீட்டிலிருந்தே பழைய பக்கத்தைத் திரையில் பார்த்து, அதன் வாசகத்தை எழுத்துக்கெழுத்து தட்டச்சு செய்து தரலாம் என்பது ஏற்பாடு. நான் வசிக்கும் பாசிர் ரிஸ் தீவின் கிழக்கோரத்தில் இருக்கிறது. 1980களில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தார் இங்கே நகர் எழுப்பும் முன்னர் கம்பங்களும் தோட்டங்களும் கடற்கரை விடுதிகளும் இருந்த பகுதி இது. பெருவிரைவு ரயிலில் நகர மண்டப நிலையம் வரை சென்று, ஃபோர்ட் கேனிங் குன்றின் சரிவேறிப் பார்க்கவேண்டியிருந்த ஏடுகள், இவ்வேற்பாட்டினால் அடுக்குமாடி வீட்டின் சாப்பாட்டு மேசைக்கே வந்துவிட்டன. இருநூறு ஆண்டுகளுக்கு முன் கிராணி செய்த வேலையை இப்போது ஓய்வுபெற்றோரும் மாணவரும் செய்கிறார்கள். விதியும் அதுவே: உள்ளதை உள்ளவாறே எழுதவேண்டும், பிழையென்று தோன்றினாலும் திருத்தலாகாது.

தமிழர் இப்பணியில் ஏன் மிகுதியாக ஈடுபட வேண்டும் என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் முக்கிய நோக்கம். சிங்கப்பூரில் தமிழ் அச்சு தலைகாட்டியது 1870களில். சிங்கை வர்த்தமானி என்னும் தமிழ்ப் பத்திரிகை 1875இல் தோன்றியது. ராஃபிள்ஸ் வந்திறங்கிய 1819 தொடங்கி அதுவரை கழிந்த அரை நூற்றாண்டில், இத்தீவில் வாழ்ந்த தமிழர்கள் தாமே அச்சிட்டு வைத்த சொல் ஏதும் நமக்குப் பெரும்பாலும் கிட்டவில்லை. அவர்கள் இருந்தார்கள், உழைத்தார்கள், விண்ணப்பம் செய்தார்கள் என்பதற்குச் சாட்சி, பிறமொழிக் கிராணிகளின் நகற் புத்தகங்களே. 1819இல் பினாங்கிலிருந்து ராஃபிள்ஸோடு வந்த நாராயண பிள்ளை செங்கற் சூளை வைத்ததும், சௌத் பிரிட்ஜ் ரோட்டில் 1827இல் மாரியம்மன் கோயில் எழுப்பியதும் நாம் அறிந்தவை. அவரைப்போல் புகழ் பெறாதவர்கள் எத்தனையோ பேர். 1825 ஏப்ரலில் பென்கூலனிலிருந்து கொண்டுவரப்பட்ட தண்டனைக் கைதிகளின் முதற் கூட்டத்தில் சென்னை மாகாணத்தார் எண்பது பேர் இருந்தார்கள். அவர்களும் அவர்களுக்குப் பின் வந்தோரும் சாலை போட்டார்கள், சதுப்பைத் தூர்த்தார்கள், செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் சுவரெழுப்பினார்கள். 1873இல் அக்கைதிகளின் சிறைச்சாலை மூடப்படும் வரை அவர்களைப் பற்றிய கணக்கும் கடிதமும் தொடர்ந்து எழுதப்பட்டுவந்தன.

அப்பக்கங்களில் தமிழ்ப் பெயர்கள் கிராணியின் செவிக்கு எட்டியபடியே விழுந்திருக்கின்றன. நாராயண பிள்ளை என்ற ஒரே பெயர், முதற்பாதியில் நரைன என்றும் நராயன் என்றும், பிற்பாதியில் பிள்ளாய், புல்லே, பில்லி என்றும் வேறுபட எழுதப்படக் கூடியது. ழகரமும் ளகரமும் ஒன்றாகிவிடுகின்றன; ஊர்ப் பெயர் ஆட்பெயரோடு ஒட்டிக்கொள்கிறது; தந்தை பெயர் எது, சாதிப்பட்டம் எது என்ற வேறுபாடு மறைகிறது. தமிழறியாத ஒருவர், எவ்வளவு கவனமுடையவராயினும், அவ்வெழுத்துக்களை வரிசையாகத் தட்டச்சு செய்யலாமேயன்றி, அங்கே நிற்பவர் முத்துக்கருப்பனா, முத்துக்குமரனா, மொகைதீன் பிச்சையா என்று அறிய இயலாது. கறைபட்டு இரண்டெழுத்து அழிந்திருக்குமாயின், அவற்றை ஊகிக்கத் தமிழ்க் காது வேண்டும். இராமநாதபுரத்திலும் நாகப்பட்டினத்திலும் வழங்கும் பெயர்களைச் சிறு வயது முதல் கேட்டு வளர்ந்த ஒரு பாட்டி, ஒரு பக்கத்தில் கண்டுகொள்ளக்கூடியதைப் பல்கலைக்கழகத்துப் பட்டதாரி ஒருவர் தவறவிட்டுவிடக்கூடும்.

ஆகையால், பெயர்த்தெழுதும்போது கிராணியின் எழுத்தை மாற்றாமல் அப்படியே இறக்கிவிட்டு, அதற்குப் புறம்பாக, ஒவ்வொரு தமிழ்ப் பெயரும் எந்தெந்த வடிவங்களில் எழுதப்பட்டிருக்கிறது, எந்தத் தொகுதியில் எந்தப் பக்கத்தில் வருகிறது என்ற அகராதியொன்றை நம்மவர் தொகுக்க முன்வர வேண்டும் என்பது என் விண்ணப்பம். ஏட்டுப் பிரதிகளை ஒப்பிட்டுப் பாடபேதம் குறித்த பதிப்பாசிரியர்களின் முறையே இதற்கும் போதுமானது. சிங்கப்பூரில் விழுந்த வடிவத்தை, அதே கடிதத்துக்கு லண்டனிலிருக்கும் நகலோடு ஒப்பிட்டால், ஒரு கிராணி தவறவிட்ட எழுத்தை இன்னொரு கிராணி காத்திருப்பதும் தெரியவரும். 1825ஆம் ஆண்டுக் கைதிகளைப் பற்றிய கடிதங்களிலிருந்து தொடங்கலாம். அவை எல்லைக்குட்பட்டவை, அவற்றில் வரும் பெயர்களில் சென்னை மாகாணத்தார் யார், வங்காளத்தார் யார் என்பதைப் பிரித்தறியும் வேலையிலேயே நமக்கு நல்ல பயிற்சி கிடைத்துவிடும்.